நாடாவின் பூச்சிய முனை

கொழும்பிலிருந்து வந்தவர்
அளவுநாடாவின் நுனியை என்னிடம் தந்து
அசையாமல் பிடிக்கச் சொன்னார்.
ஓடுபாதையில் முதல் கறுப்புத் தடம்
என் பெருவிரலுக்குக் கீழே.
அவர் வாவிப் பக்கமாக நடந்தார்.

முதல் அடிக்கும் இரண்டாவதுக்கும் முப்பத்தெட்டு மீற்றர்.
நடுவில் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாத இடம் முழுக்க
விமானம் காற்றில் இருந்திருக்கிறது.
இரண்டுக்கும் மூன்றுக்கும் இருபத்தொன்று.
பிறகு தாரில் வெட்டுக்கள்,
பொரிக்கிற மீனுக்குக் கீறிவிட்டதுபோல
ஒரே இடைவெளியில்,
முன்விசிறி நிலத்தைத் தின்ற இடம்.
பிறகு புல். பிறகு வேலி.
வேலிக்கு அப்பால் கண்ணாப் பற்றை, தண்ணீர்.

"துள்ளினா மூக்கை அமத்தக் கூடாது" என்றான்
மொழிபெயர்க்க வந்த புதூர்ப் பெடியன்.
"விசையைக் கூட்டி மேல போயிடோணும்.
ஒரு சுத்துச் சுத்தி வரலாம்.
நிலம் எங்கயும் போகாதுதானே."
நிலம் போகாதென்று
எனக்குச் சொல்கிறான்.
நான் நாடாவைப் பிடித்திருந்தேன்.

ஹில்மிக்கு இருபத்துமூன்று வயசு.
தனியாக ஏறியது நாலாம் நாள்.
ஓட்டமாவடியில் தகப்பனுக்கு டயர்க்கடை என்று
தங்கேஸ் எங்கோ கேட்டுவந்து சொன்னாள்.
அன்று காலை இரண்டு தரம் இறங்கி எழும்பினான்.
பஸ் போவதைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு
நாங்கள் புல் வெட்டினோம்.
மூன்றாம் தரம் கச்சான் விட்டுவிட்டு அடித்தது.

படிவத்தில் பெட்டி பெட்டியாகக் கேள்வி.
காற்று எப்படி. நாய், மாடு நின்றதா.
இஞ்சின் சத்தம் மாறியதா.
கண்டதைச் சொன்னேன்:
சில்லு பட்டது, எழும்பியது, பட்டது, எழும்பியது,
மூன்றாவதில்
படுக்கப்போகிற மாடுபோல முன்னங்கால் மடிந்தது.

கடைசிக் கேள்வி படிவத்தில் இல்லாதது.
பெடியன் தயங்கித்தான் தமிழில் சொன்னான்:
"ஓட்டின ஆள் ஆஸ்பத்திரியில சொல்றார்,
புல்லுக்குள்ள ஆரோ கை உயத்தினதாம்,
நில் எண்டு.
நீங்க கண்டீங்களா அந்த ஆளை?"

ஆள்காட்டிக் குருவியின் முட்டை நாலு,
மண் நிறம், மேலே மைப்புள்ளி,
தங்கேஸின் மெசின் வாய்க்கு ஆறடி முன்னால்.
"நிப்பாட்டுகா!"
அவள் காதில் பஞ்சு.
கை உயர்த்தினேன்.
தலைக்கு மேலே தாய்க்குருவி ஊரைக் கூட்டியது.
தங்கேஸ் நிப்பாட்டினாள்.
அந்த அமைதிக்குள்தான் என் முதுகுக்குப் பின்னால்
முதல் சில்லுச் சத்தம்.

ஒரு தலையாட்டலில், ஒரு விரல் நீட்டலில்
ஆட்கள் போன ஊர் இது.
எங்கள் கைகளை நாங்கள்
பக்கத்திலேயே வைத்துப் பழகியவர்கள்.

"அது நான்தான்" என்றேன்.
முட்டை, மெசின், பஞ்சு, குருவி,
எல்லாம் சொன்னேன். ஏழெட்டு வசனம் இருக்கும்.
பெடியன் அவரிடம் சிங்களத்தில் சொன்னது
மூன்று சொல்.
அவர் என்னைப் பார்த்தார். எழுதவில்லை.
"விடுங்க" என்று கை காட்டினார்.

விட்டேன்.
முப்பத்தெட்டும் இருபத்தொன்றும்
ஒரு மூச்சில் அவரிடம் ஓடிப் போயின.
நுனித் தகடு போகிற போக்கில் விரலைக் கீறியது,
பெரிதாக ஒன்றுமில்லை.

ஹில்மியின் காலில் கம்பி வைத்திருக்கிறார்களாம்.
மாதம் இரண்டு போய்விட்டது.
குஞ்சுகள் எப்போதோ நடந்து போய்விட்டன.
ஆனாலும் அந்த இடத்தைத் தங்கேஸ் சுற்றித்தான் வெட்டுகிறாள்,
நானும் கேட்பதில்லை.
ஒரு பாயளவு புல் இடுப்புயரம் நிற்கிறது.
மேலேயிருந்து வருகிறவனுக்கு
அது என்னவாகத் தெரியுமோ.