குஞ்சப்பனைக்கு மேலே

நிரோஷினியின் சாப்பாட்டு டப்பா
ஒரு மாதமாய்ப் பாதியோடு திரும்பி வந்தது.
நான்தான் ஆரம்பித்தேன்.
என்னாச்சு, யார் என்ன சொன்னது,
டீச்சரா, பிள்ளைகளா, மார்க்கா,
வாயைத் திறந்தால்தானே தெரியும்.
அவள் கம்பளியைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டாள்.
கம்பளியிடமும் கொஞ்ச நேரம் கேட்டேன்.

அடுப்படியிலிருந்து செல்வமேரி சொன்னாள்:
"இது என்ன போலீஸ் ஸ்டேஷனா?
பேசாம லோடுக்குக் கூட்டிக்கிட்டுப் போ."

சனிக்கிழமை விடிகாலை இரண்டு மணி.
கோத்தகிரியில் கழுவி ஏற்றிய கேரட், இருபத்திரண்டு மூட்டை,
தார்ப்பாய்க்கு அடியில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.
பக்கத்து சீட்டில், என் பழைய ஸ்வெட்டருக்குள் அவள்.
கை எங்கே முடிகிறதென்று தெரியவில்லை.
அரவேனு தாண்டும்வரை
என் நாக்கு நுனியில் பதினாறு கேள்வி.
ரேடியோவைப் போட்டேன். கரகரத்தது. அணைத்தேன்.

குஞ்சப்பனைக்கு மேலே மிஸ்டு.
ரோட்டை யாரோ பாயைப் போலச் சுருட்டி
எடுத்துப் போய்விட்ட மாதிரி.
லைட்டை டிம்முக்கு இறக்கினேன்.

"அப்பா, பிரைட்ல போடேன். ஒண்ணும் தெரியலையே."
கிளம்பியதிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு.

"பிரைட்ல போட்டா வெள்ளைச் சுவருதான் தெரியும் பாப்பா.
நம்ம வெளிச்சம் நம்ம கண்ணுலயே வந்து குத்தும்.
இப்படியே போனா பத்தடி தெரியும்.
பத்தடி போதும்."

ரோட்டைத்தான் சொன்னேன்.
அடுத்த வளைவில்தான் எனக்கே உறைத்தது.

அந்த வளைவில் காட்டுமாடு.
நடுரோட்டில், கன்றோடு,
பட்டா இருக்கிற இடத்தில் நிற்பதுபோல் நின்றது.
இஞ்சினை அணைத்தேன்.
ஹாரனில் கை வைக்கக் கூடாது.
அதற்குத் தோன்றும்போது போகும்.

எவ்வளவு நேரமோ.
கண்ணாடியில் அவள் விரலால் ஒரு கோடு இழுத்தாள்,
கோட்டைப் பார்த்தே சொன்னாள்:
"பாத்ரூம்ல சாப்பிடுறேன்ப்பா. கதவைப் பூட்டிக்கிட்டு.
பக்கத்துல உக்காந்தா எல்லாரும் எந்திரிச்சுப் போயிடுறாங்க."

எனக்குள் ஒருவன் எழுந்து செருப்பை மாட்டினான்.
திங்கட்கிழமையே ஸ்கூலுக்குப் போனான்,
ஹெட்மிஸ்ட்ரஸ் மேசையைத் தட்டினான்,
எல்லாருடைய அப்பன் பெயரையும் விசாரித்தான்,
திரும்பி வந்து
"இதுக்கெல்லாமா ஒருத்தி சோத்தை விடுவா" என்றான்.
கியர் கம்பியை இறுகப் பிடித்தேன்.
அவன் உட்காரும்வரை பிடித்தேன்.

கடைசியில் வாயில் வந்தது இவ்வளவுதான்:
"அங்க நாத்தமா இருக்குமேம்மா."

சிரித்துவிட்டாள்.
அந்தச் சிரிப்பு பாதி வழியில் திரும்பி
அழுகையாய் வந்து சேர்ந்தது.
ஸ்வெட்டர் கை நீளமாய் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

காட்டுமாடு போனது. கன்றும் போனது.
நான் வண்டியைக் கிளப்பவில்லை.
மேட்டுப்பாளையம் மண்டியில் ஏலம் தொடங்கியிருக்கும்.
பிந்தி வந்த சரக்குக்கு விலை இறங்கும்.
இறங்கட்டும்.

விடிந்தபின் இட்லிக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்தோம்.
"நான் ஸ்கூலுக்கு வரட்டுமா, வேணாமா? நீ சொல்லு."
யோசித்தாள். சட்னியைத் தொட்டுக்கொண்டாள்.
"இப்ப வேணாம்."
"சரி. வேணும்னா அன்னிக்குக் காலையில சொன்னாக்கூடப் போதும்.
லோடை மாத்திக்கலாம்."
நாலு இட்லி சாப்பிட்டாள். எண்ணவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை மறுபடி சொதப்பினேன்.
செருப்பைக்கூடக் கழற்றவில்லை.
இன்னிக்கு எங்க சாப்பிட்ட, யாரோட, யாரு கூப்பிட்டா?
அவள் கண்ணைச் சுருக்கி
எதிரே வரும் வண்டிக்குக் காட்டுவதுபோல்
உள்ளங்கையை மேலும் கீழும் அசைத்தாள்:
"டிம் பண்ணுப்பா."

டப்பா அன்றைக்கும் பாதிதான் காலி.
அதைக் கழுவிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல்,
யாரோ வினிலா என்று ஒருத்தியைப் பற்றி
ஏதோ சொல்ல ஆரம்பித்தாள்.
தண்ணீர்ச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.
பக்கத்தில் போய்
குழாயை மட்டும் கொஞ்சம் திருகிக் குறைத்தேன்.