தொண்ணூற்றெட்டு

சால்மியாவில், பல் மருத்துவமனை ஒன்றின் மேல்மாடியில்
பதினான்கு ஹெட்போன்கள்.
அரபி ஆறு, இந்தி நாலு, மலையாளம் ரெண்டு, தகாலோக் ஒன்று.
தமிழுக்கு நான்.

எண்ணெய் விலை விழுந்த வருடம்.
கீழே எந்தப் பல்லிலோ துளைக்கருவி இறங்குகிறபோது
மேலே ஒன்பதாம் கேள்வி ஓடிக்கொண்டிருக்கும்:
ஊருக்கு அனுப்பும் பணத்தில் நூற்றுக்கு ஐந்து
வரியாகப் பிடித்தால் அதை நீங்கள்
முழுமையாக ஆதரிக்கிறீர்களா, ஓரளவு ஆதரிக்கிறீர்களா,
இரண்டும் இல்லையா,
ஓரளவு எதிர்க்கிறீர்களா, முழுமையாக எதிர்க்கிறீர்களா?

ஒரே மூச்சில் படிக்க வேண்டும்.
குரல் எந்தப் பக்கமும் சாயக் கூடாது.
ஹானி சார் பின்னால் நின்று கேட்பார்.
தமிழ் தெரியாது அவருக்கு. சாய்வு தெரியும்.

"எந்த ஆபீஸ் மேடம்? இக்காமாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"
"கம்பெனி என்ன சொல்லுதோ அதையே போட்டுக்குங்க."
"நாலு மாசமா சம்பளமே காணோம்,
எதை அனுப்ப, எதுல பிடிக்க"
என்று சிரித்தார் ஒருவர், நிறுத்தாமல்.
சிரிப்புக்குக் கட்டம் கிடையாது.
தொண்ணூற்றெட்டு: தெரியாது.

யார் வீட்டுச் சமையலறையோ, குழாய் ஓடுகிறது,
ஒரு பெண் "அஞ்சு நிமிஷம் கழிச்சு" என்று
கிசுகிசுத்துவிட்டு வைத்தாள்.
மூன்று முறை அழைத்தேன்.
விதி மூன்று முறைதான்.

ஜலீபிலிருந்து எடுத்தவர் மட்டும்,
உங்கள் பெயர் பதிவு செய்யப்படாது என்று நான் ஆரம்பித்ததும்
"ஏன் செய்ய மாட்டீங்க?" என்றார்.
"அப்புறம் நான்தான் சொன்னேன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?
மரிய சூசை. சாரம் கட்டுறேன். பதினோரு வருஷம். எழுது."
பெயருக்கு இடமில்லை அண்ணா.
"இடமில்லாட்டி ஓரத்துல எழுது."
திரையில் ஓரம் இல்லை.

"எண்பது தினார் அனுப்புறேன். அதுல நாலு போயிடும்.
நாலு தினார்ங்கிறது சின்னவளோட ஸ்கூல் வேன்.
முழுமையா எதிர்க்கிறேன்னு போடு.
முழுமைக்கு மேல ஏதாச்சும் வச்சிருந்தா அதைப் போடு."

வைத்திருக்கவில்லை.
ஐந்தாம் கட்டத்தைத் தொட்டேன்.
பிறகு, ஹானி சார் காபிக்குப் போன நேரம்,
இருபத்திரண்டாம் கேள்வியில், 'வேறு ஏதேனும்' என்ற பெட்டிக்குள்
அந்தப் பெயரைத் தமிழில் தட்டிவைத்தேன்.

மாதிரியில் எங்கள் ஆட்கள் குறைவு என்று
பெய்ரூட்டில் உட்கார்ந்திருக்கும் புள்ளியியல்காரர்
ஆளுக்கு ஆள் எடை போட்டு அனுப்பினார்.
மரிய சூசை இரண்டாயிரத்து நூற்றுப் பத்துப் பேர்.
அவருக்கு அது தெரியாது.
எட்டுப் பேர் அறையில், கட்டிலின் மேல்தட்டில்,
ஒரே ஒரு ஆளாகத்தான் படுத்திருந்திருப்பார்.

மார்ச்சில் அறிக்கை.
ஆதரவு பதினெட்டு. எதிர்ப்பு முப்பத்தொன்று.
மிச்சம் ஐம்பத்தொன்றும் சாம்பல் நிறம்.
'வெளிநாட்டவரில் பெரும்பாலோர் எதிர்க்கவில்லை' என்றது பத்திரிகை.
பொய் என்று சொல்ல முடியாது, கூட்டிப் பார்த்தேன்.
குழாயடிப் பெண் சாம்பலில்கூட இல்லை.

கஃப்டீரியா டிவியில், சத்தம் வைக்காமல்,
மன்றத்தில் ஒருவர் அந்தத் தாளை ஆட்டிப் பேசினார்.
எதிரே எழுந்தவர் ஆட்டியதும் அதே தாள்.
மசோதா குழுவுக்குப் போனது.
என் சம்பளம் அடுத்த மாதத்துக்குப் போனது.

ஜூலையில் இரண்டாம் சுற்று. அதே எண்கள்.
ஒன்பதாம் கேள்வியில் ஐந்து, மூன்றாகியிருந்தது.
பேரம் படிந்துகொண்டிருக்கிறது போல.
ஜலீப் எண் அரபியில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை
உபயோகத்தில் இல்லை என்றது.

மாற்று எண் கேட்பதற்கு முன்
அவருடைய பழைய பதிவைத் திறந்தேன்.
ஒன்பது: ஐந்து.
இருபத்திரண்டு:
பெய்ரூட் போய் வந்த வழியில் எந்த இயந்திரத்துக்கோ
எங்கள் எழுத்து புரியாமல்
எட்டுக் கேள்விக்குறிகள்,
நாலு, நாலாக,
நடுவில் ஓர் இடம் விட்டு.