டிஸ்சார்ஜ்

சுவிண்டன் ஆஸ்பத்திரி, ஆறாம் வார்டு.
பித்தப்பை எடுத்த மூன்றாம் நாள்
நர்ஸ் கேட்டாளாம்: டிஸ்சார்ஜ் இருக்கா?
இருக்கு, இருக்கு என்று
தவமலர் கட்டிலடியில் செருப்பைத் தேடியிருக்கிறார்.
சீப்பு, பிஸ்கட், சார்ஜர் வயர்
எல்லாம் பைக்குள்.

கையுறை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தவள்
கட்டைப் பிரித்தாள். காய்ந்த தையல்.
சீழ் எங்கே என்று குனிந்து பார்க்கும் ஒருத்தி,
கார் எங்கே என்று ஜன்னலை எட்டிப் பார்க்கும் ஒருத்தி.
அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்கள்,
நிமிடக் கணக்கில் காசு வாங்கும் குரலை.

"அக்கா, அவ கேட்டது சீழ் வடியுதா எண்டு."

ஃபோனில் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
பிறகு சிரிப்பு, தையல் நோக நோக.
"கிடங்கில ஃபோர்க்லிஃப்ட் நிண்டா
இவரும் அதைத்தானே தம்பி சொல்லுறவர்.
இரவு முழுக்க வயர் மாட்டி வைப்பினம்,
விடிய ஓடும்."

என் குறிப்பேட்டில் அந்தச் சொல்லுக்கு நேரே
ஐந்து வரி. திவாலானவன் கடன் தீர்வதும்
அதில் ஒன்று.

வெள்ளிக்கிழமை மறுபடி அழைப்பு.
காகிதம் நீட்டுகிறார்களாம், கையெழுத்துக்கு.
"தம்பி, இது எது?
செருப்பைப் போடுறதா,
சட்டையைத் தூக்குறதா?"