ஆறு மாசம் இடப்பக்கம்

கீழே தொங்குறது வெறும் சதை, அக்கா.
இது குருத்தெலும்பு.
ஆறு மாசம் ஆகும், சிலருக்கு வருஷம்
என்றான் ஊசி உறையைப் பிரித்த ரெனிட்டோ.
அண்ணா நகரில் இரண்டாவது மாடி.
வலது காதின் மேல்விளிம்பில்
ஊதாப் பேனாவால் ஒரு புள்ளி.
மூச்சை இழுங்க. விடுங்க.
விடும்போது
பச்சை வெண்டைக்காயை ஒடித்த சத்தம்
தலைக்குள்ளேயே கேட்டது.

எதுக்கு இந்த வயசில் என்று அவன் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்ல
என்னிடமும் ஒன்றும் இல்லை.
போனஸ் வந்திருந்தது. அவ்வளவுதான்.

வெளியே வரும்போது ஒரு துண்டுச்சீட்டு:
தொடாதே. திருகாதே.
பொருக்கைப் பிய்க்காதே.
கடலில் முங்காதே
(இந்த ஊர்க்காரி கடலில் நனைப்பது
கணுக்கால் வரைக்கும்தான்).
கடைசி வரியை
சிக்னலில் நின்றபோது மடித்து வைத்துவிட்டேன்.

வீட்டுக்கார அம்மா மஞ்சள் என்றார்.
பால் போடுபவர் சுண்ணாம்பு.
கொளத்தூரில் நான் கணக்கெழுதும்
வண்ணமீன் கடையில்
பொன்மீனுக்குச் செதில் உதிர்ந்து சிவந்தால்
தனித்தொட்டி, கொஞ்சம் கல்லுப்பு, நாலு நாள் அமைதி.
நான் மீனை நம்பினேன்.
தனித்தொட்டிக்குத்தான் வழியில்லை,
ஒற்றைப் படுக்கையறை வீடு.

குழாயைத் திறந்தாலே உப்பு வரும் தெருவில்
காசு கொடுத்து வாங்கிய கேன் தண்ணீரைக்
கொதிக்கவைத்து, ஆறவைத்து,
அதில் உப்புப் போட்டுக் கலக்குகிறேன்.
காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை.
துணியை நனைத்துக் காதில் ஒற்றினால்
மஞ்சளாய் ஒரு மணல்துகள்
தானாக இளகி வரும்.
நகத்துக்கு ஆசை.
கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன்.

மே மாதம். பாடி மேம்பாலம்.
ஹெல்மெட்டுக்குள் காது தனியாக வெந்தது.

மூன்றாம் இரவுதான்
அந்தக் கடைசி வரி ஞாபகம் வந்தது:
அந்தப் பக்கம் படுக்காதே.

பொங்கலிலிருந்து நான்
வலப்பக்கம் திரும்பிச் சுவரைப் பார்த்துப் படுக்கிறவள்.
என் நாலு வளையலும் அடகுக் கடைக்குப் போய்
தணிகைவேலின் தங்கை வீட்டுக்கு
ஆட்டோவாக வந்த பிறகு
எனக்கும் அவருக்கும் நடுவில்
என் முதுகுதான் பேசிக்கொண்டிருந்தது.

இப்போது இடப்பக்கம்.
இடப்பக்கம் அவர்.

முதல் வாரம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.
அப்புறம் அதுவும் வலித்தது.
கன்னம் எப்போது இப்படி ஒட்டியது?
வெல்டிங் பொறி பட்ட வடு கழுத்தில் புதுசு.
யார் மருந்து போட்டார்கள்?
வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்,
காற்று வாங்க வந்த விரால் மாதிரி.

ஒருநாள் அவரும் விழித்துக்கொண்டார்.
"வலிக்குதா?"
நாலு மாதத்தில்
சாப்பாடு, சாவி, கரண்ட் பில் அல்லாத
முதல் வார்த்தை.
"இல்ல. துடிக்குது."

அடுத்த வியாழன் பாரிமுனையிலிருந்து
ரயிலில் கழுத்துக்கு மாட்டும்
வளையத் தலையணை ஒன்று வாங்கிவந்தார்.
நூற்றெண்பது ரூபாய், பேரம் பேசாமல்.
"காதை இந்த ஓட்டைக்குள்ள விட்டுக்கோ.
எந்தப் பக்கம் வேணாலும் படுக்கலாம்."
சுவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஆடி பிறந்துவிட்டது.
அடகுச் சீட்டு அரிசி டப்பாவுக்கு அடியில்.
அதைப் பற்றி இன்னும் பேசவில்லை,
பேசத்தான் போகிறேன்.
காதில் ஓரம் மட்டும் கொஞ்சம் சிவப்பு.
தலையணை பீரோ மேல்
பாலித்தீன் கூடப் பிரிக்காமல் இருக்கிறது.
அவர் கேட்டார்.
இந்த வெயிலுக்குப் பஞ்சு சுடும் என்றேன்.