தோன்றல் திரிதல் கெடுதல்

நுரையீரல் சோதனை அறையில்
ஒரு நாளைக்கு நாற்பது முறை கத்துகிறேன்:
ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க,
இன்னும், இன்னும், இன்னும்.
ஆறு நொடி. அதற்குள் நின்றுவிட்டால்
எந்திரம் ஏற்காது.

சாயங்காலம் குருசுக்குப்பத்து மாடியறையில்
என் மூச்சையே என்னால் நம்ப முடிவதில்லை.
கலைந்துபோன பேண்டு குழுவிடம்
மூன்று தவணையில் வாங்கிய
வெள்ளிப்பூச்சுக் குழல்.
தோவிலிருந்து ரேவுக்குப் போகவேண்டும்,
நாக்குத் தட்டாமல், ஒரே காற்றில்.
இரண்டு விரல் எழும் அதே கணத்தில்
ஆறு விரல் அமரவேண்டும்.
என் விரல்களோ
கடைசிப் பேருந்தைப் பிடிக்கிறவர்கள் போல
முண்டியடித்து ஒவ்வொன்றாக ஏறுகின்றன.

எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்த புணர்ச்சி விதி
இப்போதுதான் உறைக்கிறது.
தோன்றல்:
நடுவில் அழைக்காத சுரம் ஒன்று
கீச்சென்று எட்டிப்பார்க்கிறது.
திரிதல்:
ரே, வரும் வழியில் வேறு யாரோவாகிறது.
கெடுதல்:
பயந்து மூச்சைச் சுருக்கினால்
தோவின் வால் அறுந்துபோகிறது.
மூன்று விகாரமும் ஒரே மூச்சில்
எனக்குத்தான் வாய்க்கும்.
கீழ்வீட்டு ஜெசிந்தா கேட்டாள்:
"அக்கா, பூனை வளர்க்கறீங்களா?"

புதன்கிழமை வந்தார் சவரிநாதன்.
கடலூர் தடத்தில்
முப்பத்தோரு வருடம் நடத்துநர்.
ஊதச் சொன்னால் விசிலடிக்கிறார்:
பிப். பிப்பிப்.
திரையில் வளைகோடு ரம்பப் பல்லாய் விழுந்தது.
நான் கத்தக் கத்த
அவர் இன்னும் பொடிசாய் நறுக்கினார்.

நான்காவது முறை எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.
பேசாமல் சுட்டுவிரலை
மேசை விளிம்பில் வைத்து
மெதுவாக இழுத்தேன்.
விரலைப் பார்த்தபடி
மூச்சு வந்தது.
விளிம்பு முடிந்த பிறகும் வந்துகொண்டிருந்தது.
ஏழு நொடி.
"எங்க நிறுத்தணும்னு நீ சொல்லலியேம்மா" என்றார்,
இருமிக்கொண்டே.

'இன்னும்' என்று சொல்லும்போது
நாக்கு போய் அண்ணத்தைத் தட்டுகிறது.
படியிறங்கும்போது
நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தேன்.

அன்றிரவு விரல்களை எண்ணவில்லை.
தோ.
காற்றை மட்டும்
சன்னல் விளிம்போடு நகர்த்தினேன்,
மூலையில் சிமெண்டு பெயர்ந்த இடம் தாண்டி,
கொடியில் காயும் சீருடை தாண்டி.
ரேயில் இருந்தேன்.
எந்த இடத்தில் மாறினேன்,
தெரியவில்லை.

இயல்பு,
என்று எழுதிவைத்தேன்,
அறிக்கையின் கடைசி வரியில் எழுதுவதுபோல.

மறுமுறை ஊதியபோது
பூனை திரும்பி வந்திருந்தது.