நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

ரொறன்ரோவிலிருந்து பார்சல் வந்தது.
நான் எந்தப் பக்கத்தில் இருக்கிறேன் என்று
மஞ்சள் தாள் ஒட்டி அனுப்பியிருந்தாள் மயூரதி.

நாலு வருஷத்துக்கு முன்
பரந்தன் பஸ்ஸால் தருமபுரத்தில் இறங்கி
என் தையல்மெஷினுக்குப் பக்கத்தில்
ஒன்பது நாள் இருந்து எழுதினாள்.
"அடையாளம் எண்டால் உங்களுக்கு என்ன, அக்கா?"
பழைய அட்டையா புது அட்டையா என்று கேட்டேன்.
அதையும் எழுதிக்கொண்டாள்.

மகன் விரல் வைத்து
ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிச் சொல்கிறான்:
என் பேர் யாழினி.
என் தாய் பனங்கிழங்கு அவிக்கிறாள்,
பனைகளோடு பேசுகிறாள்.

என்னைப் பெத்தவள் அங்கம்மா.
ஹட்டனில் கொழுந்தெடுத்தவள்.
எழுபத்தேழில் அடிபட்டு லொறியில் வந்தபோது
மாங்குளம் தாண்டியதும் வெளியே பார்த்து
"என்னடி இது, மரத்துக்குக் கையே இல்ல"
என்று அழுதவள்.
கொதிக்கிற வைகாசியிலும்
தோட்டத்துக் கம்பளியை உதறிக் காயப்போடுவாள்.
செத்த கிழமை இருட்டோடு எழும்பி உட்கார்ந்து
பெரட்டுக்கு நேரமாச்சு என்றாள்.

வீட்டுக்குள் "வாங்க",
படலைக்கு அங்கால் "வாங்கோ" என்று வளர்ந்தேன்.
கிணற்றடியில் மறந்து "இங்கிட்டு" என்றால்
வாளிச் சத்தத்துக்கு நடுவில்
தோட்டக்காட்டுக் கதை என்று ஒரு சிரிப்பு வரும்.
பங்கருக்குள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் கத்தினோம்.
முகாமில் தண்ணி வரிசை தொடங்க
மறுபடி யார் எந்த ஊர் என்று கேட்டார்கள்.

கணக்கெடுக்க வந்த பிள்ளை
இலங்கைத் தமிழா இந்தியத் தமிழா என்றபோது
அடுப்பில் பால் பொங்கிவிட்டது, ஓடினேன்.
எதில் கோடு போட்டாளோ தெரியாது.

புத்தகத்தின் கடைசியில் சொல்விளக்கம் இருக்கிறது.
படலை இருக்கிறது, ஒடியல் இருக்கிறது.
கொழுந்தைத் தேடச் சொன்னேன்.
இல்லை என்றான் மகன்.
ஒன்பதாம் நாள் மழையில்
மெஷினை நிறுத்திவிட்டு நான் சொன்னது
அது ஒன்றுதான்.

நன்றி சொல்லும் பக்கத்தில்
புஷ்பராணி இருக்கிறாள், ஓர் எழுத்துக் குறைச்சலாய்.

பதில் போடவேண்டும்.
"கிடைச்சுது தங்கச்சி" என்று குரல் பதிவு தொடங்கினேன்.
அழித்தேன்.
"கெடச்சிச்சும்மா" என்று தொடங்கினேன்.
அதையும் அழித்துவிட்டு
பெருவிரல் படம் ஒன்றை அனுப்பினேன்.

"அம்மா, யாழினி கடைசியில கனடா போறா."
சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தேன்.
"போகட்டும்" என்றேன்.