முறிமுகம்

சாகினாலி அதைக் கம்பளத்தில் சுற்றிக் கொண்டுவந்தான்.
கிராங்க் ஷாஃப்ட். இரண்டு துண்டு.
களவுப் பொருளைத் திருப்பிக் கொடுப்பவன்போல்
கண் தாழ்த்தி என் மேசையில் இறக்கினான்.

முதலாளி தோக்தோர் காரைவிட்டு இறங்கவில்லை.
கண்ணாடியை நாலு விரற்கடை இறக்கிச் சொன்னார்:
"கிசார்ட் இறக்கத்தில் கீழ்க் கியரில் விட்டு
எஞ்சினைக் கதறவைத்திருக்கிறான்.
ஓட்டுநர் பிழை என்று எழுதிக் கொடு, புர்மாகான்.
நாலு மாதச் சம்பளம் பிடிக்கணும்."

முப்பது டன் நிலக்கரி இன்னும் கணவாயில் நிற்கிறது.
அதன்மேல் பனி.

டீசலில் கழுவினேன். துணியால் ஒற்றினேன்.
முறிந்த முகத்தைத் தேய்த்துவிட்டால்
பிறகு அது வாய் திறக்காது.
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன்.

ஒரு ஓரம் கரடுமுரடு, உடைத்த கற்கண்டுபோல.
அது கடைசி நொடி,
அவன் மலையில் கேட்ட அந்த ஒற்றை 'டங்'.
மீதியெல்லாம் வழவழப்பு,
வழவழப்பில் வரிவரியாய் வளைவுகள்.
எங்கள் பாலிக்சிக் கரையில்
ஏரி பின்வாங்கும்போது மணலில் விட்டுப்போகுமே, அப்படி.
பாரம் ஏற்றிய நாள் ஒரு வரி.
ஓய்ந்து நின்ற நாள் ஒரு வரி.
நாற்பது வரை எண்ணினேன், அப்புறம் கலங்கிவிட்டது.

மாதக்கணக்காய் முறிந்துகொண்டே
உழைத்திருக்கிறது இந்த இரும்பு.

"ஒரு இறக்கத்தில் நடந்தது இல்லை இது" என்றேன்.
சாகினாலி நிமிர்ந்தான்.

பேரிங் ஷெல்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன்.
நீலம் பாயவில்லை. எண்ணெய்ப் பட்டினி கிடையாது.
முன்பக்கத்து டேம்பரை எடுத்துக் குலுக்கினேன்.
உள்ளே கூழாய் இருக்கவேண்டியது
கல்லாய்க் கிடந்தது.

ஆறு பிஸ்டனும் மாறி மாறி உதைக்க
தண்டு முறுக்கும், நிமிரும், மறுபடி முறுக்கும்.
அந்த நடுக்கத்தை விழுங்கத்தான் டேம்பர்.
அது செத்தால் முறுக்கு முறிவாகும்.
"மாற்றச் சொன்னேன்கா. ரெண்டு தடவை."
கார்க் கண்ணாடி சத்தமில்லாமல் மேலேறியது.

இங்கே நிறுத்தியிருக்கலாம்.
டேம்பர் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு,
தேநீர் குடிக்கப் போயிருக்கலாம்.

ஆனால் வரிகள் எல்லாம் ஒரு புள்ளியிலிருந்து விரிந்தன,
விசிறிக் காம்பிலிருந்து விரிவதுபோல.
ஜர்னல் முடிந்து கன்னம் தொடங்கும் மூலை.
அங்கே ஒரு வளைவு இருக்கவேண்டும்,
குழந்தையின் நகம் அளவுக்கு.
என் நகத்தை ஓட்டினேன்.
தடுக்கியது.

கன்னத்தைத் துடைத்தேன். குத்திய முத்திரை:
கால் மில்லிமீட்டர் குறைப்பு. என் எழுத்து.
போன பிப்ரவரி.

மின்சாரம் மூன்று மணி நேரம்தான் வந்த மாதம்.
அரைக்கும் கல்லின் விளிம்பு மழுங்கிவிட்டால்
வைரம் வைத்துச் சீவி வளைவை மீட்கவேண்டும்.
கால்மணி நேர வேலை.
காந்தம் ஏற்றித் தூள் தூவி
மயிரிழை தேடுவது இன்னொரு அரைமணி.
ஓட்டுநர்கள் வாசலில் புகைத்துக்கொண்டு நின்றார்கள்.
இரண்டையும் விட்டேன். விட்டது நினைவிருக்கிறது,
அதுதான் சங்கடம்.

தாளில் எழுதினேன்:
மூலை வளைவு இல்லை, அரைத்தது நான்.
டேம்பர் இறந்தது, மாற்றாதவர் உரிமையாளர்.
ஓட்டுநர் என்ற வரியில் ஒரு கோடு.

தோக்தோர் வாசித்தார். மடித்தார்.
"புது கிராங்குக்கு நீ எவ்வளவு தருவாய்?" என்றார்.
பாதி என்றேன். என்னிடம் பாதியும் இல்லை.

அவர்கள் போனபின் பதிவேட்டை எடுத்தேன்.
அந்த பிப்ரவரியில் பதினோரு பேர்.
ஒன்பது பேரிடம் பேசிவிட்டேன்:
வண்டியை நிறுத்து, பாரம் ஏற்றாதே, கொண்டு வா, காசு வேண்டாம்.
நாலு பேர் ஏசினார்கள்.
ஒருத்தியின் எண்ணே மாறிவிட்டது.

பதினொன்றாவது, எசென்கான்.
மணி அடிக்கிறது.
பாரத்தோடு ஏறிக்கொண்டிருப்பான்,
எஞ்சின் இரைச்சலில் கேட்டிருக்காது.
மறுபடி அழுத்துகிறேன்.